நெய்வேலி மேடையில் கட்டியக்காரனுக்கு இடம் உண்டா?

நெய்வேலி புத்தகக் கண்காட்சியைக் கொண்டாடவும் வேண்டும், அதைக் கேள்வி கேட்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய நம்மில் பலர் கூச்சப்படுகிறோம். பாராட்டுகிறவர் குறை சொன்னால் நன்றி கெட்டவர் ஆகிவிடுகிறார். குறை சொல்கிறவர் பாராட்டினால் நிர்வாகத்தின் ஆள் ஆகிவிடுகிறார். இந்தக் கூச்சத்தை முதலில் ஒதுக்கி வைப்போம். கண்காட்சி தொடங்கியது 1998-இல். அப்போது தமிழ்நாட்டில் பல பதிப்பகங்களின் புத்தகங்களை ஒரே இடத்தில் புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரி வரை காத்திருந்து சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். அந்தச் சென்னைக் காட்சியே 1977-இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளியில் வெறும் 22 கடைகளோடு ஆரம்பித்ததுதான். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை புத்தகத் திருவிழாவைத் தொடங்கியது 2005-இல். மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துவது 2022-க்குப் பிறகு வந்த ஏற்பாடு. ஈரோட்டுக்கும் அரசுத் திருவிழாக்களுக்கும் முன்பே, பழுப்பு நிலக்கரி வெட்டும் ஒரு பொதுத்துறை நிறுவனம் தன் நகரியத்துக்குள் ஆண்டுதோறும் புத்தகக் கடை விரித்தது. கடலூர் மாவட்டத்தின் உள்பகுதியில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நல்ல புத்தகம் கைக்கு எட்டியதில் இந்தக் கண்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கணக்கை யாரும் அழித்துவிட முடியாது.

பகலில் கடைகள், மாலையில் மேடை என்பதுதான் அதன் அமைப்பு. பதினொன்றாம் வட்டத்து லிக்னைட் அரங்க வளாகத்தில் அந்தி சாய்ந்ததும் நாற்காலிகள் நிரம்பத் தொடங்கும். நாளொரு எழுத்தாளர், நாளொரு பதிப்பாளர் என்று கௌரவிப்பு. புதிய நூல் வெளியீடு. அதன் பிறகு பட்டிமன்றம், இசை, நடனம், நகைச்சுவை நிகழ்ச்சி. தினமணியோடு சேர்ந்து சிறுகதைப் போட்டியும் குறும்படப் போட்டியும் நடத்தி, புதிதாக எழுத வந்த பலருக்கு முதல் பரிசையும் முதல் மேடையையும் கொடுத்த விழா இது. பண்ருட்டி, வடலூர், குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் என்று சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் இது ஜூலை மாதத் திருவிழா. பெயர்தான் புத்தகக் கண்காட்சி; நடப்பில் இது ஓர் ஊரின் ஆண்டுக் கலைவிழா. ஆகவே ஒரு கலைவிழாவிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் இதனிடம் கேட்கலாம்.

வழக்கமாக எழும் முதல் குறை, மேடை புத்தகத்தை விழுங்கிவிட்டது என்பது. ஜனம் சிரிக்க வருகிறது, வாங்க வருவதில்லை. இலக்கியக் கூட்டத்துக்கு இருபது பேர், பட்டிமன்றத்துக்கு ஆயிரம் பேர். இந்தக் குறையில் எனக்கு உடன்பாடில்லை. குடும்பத்தோடு ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க வருகிறவர்களின் பிள்ளைகள் கடைகளைத் தாண்டித்தான் மேடைக்குப் போகிறார்கள். தாண்டிப் போகும்போது ஒரு புத்தகத்தின் அட்டை கண்ணில் படுவதே பல வீடுகளில் வாசிப்பின் தொடக்கம். ஈரோட்டில் கூட்டம் சேர்ந்ததில் மாலை மேடைக்குப் பெரும்பங்கு உண்டு. புத்தக வாசிப்பு என்பது தனித்த ஒருவரின் மௌனக் காரியம்தான் என்று வைத்துக்கொண்டாலும், அந்த மௌனத்துக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் சத்தமாகத்தான் இருக்கிறது. ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளி மேடையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தால் அதில் இலக்கியத்துக்கு வந்த இழுக்கு ஒன்றுமில்லை.

தவிர, பட்டிமன்றம் நேற்று முளைத்த கேளிக்கை என்று நினைப்பதும் தவறு. மணிமேகலையின் விழாவறை காதையில், புகார் நகரத்து இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும்போதே, அறிஞர்கள் பட்டிமண்டபம் ஏறி வாதிட வேண்டும் என்ற அழைப்பு இருக்கிறது. விழாவும் வாதமும் அன்றே ஒன்றாகத்தான் இருந்தன. இருபதாம் நூற்றாண்டில் கம்பன் விழா மேடைகள் அதற்குப் புதிய உயிர் கொடுத்தன, குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்து அதைக் கூர்மையாக்கினார், சாலமன் பாப்பையா மதுரைப் பேச்சைக் கொண்டுவந்து அதை வீட்டுத் திண்ணைக்கு இறக்கினார், திண்டுக்கல் ஐ. லியோனி திரைப்பாட்டைக் கலந்து அதைக் கச்சேரி ஆக்கினார். நகைச்சுவை மேலேறியது என்பதற்காக மட்டும் இந்த வரலாற்றைச் சரிவு என்று சொல்ல மாட்டேன். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நந்தனார் கதாகாலட்சேபத்தைத் திருப்பிப் போட்டு, ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் படித்து மேலே வரும் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை நடத்தினார். 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்திலும் அது இடம்பெற்றது. அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் சாதியைப் பற்றி யோசிக்காமல் வீடு திரும்பியிருக்க முடியாது. சிரிப்பு எவ்வளவு பாரத்தையும் சுமக்கும். நம் மேடை அதன் தலையில் எதை ஏற்றுகிறது என்பதே கேள்வி.

பெரும்பாலும் எதையும் ஏற்றுவதில்லை. தமிழ்நாடு முழுக்கவே இன்றைய விழாப் பட்டிமன்றத்தின் தலைப்புகளைப் பாருங்கள்: குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா, அந்தக் காலப் பாட்டா இந்தக் காலப் பாட்டா, பிள்ளைகளை வளர்ப்பதில் பெரும்பங்கு அப்பாவுக்கா அம்மாவுக்கா. இரு கட்சியும் தோற்காத தலைப்புகள். நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் கூட்டத்தில் ஒருவருக்கும் உறுத்தாது. இதில் கேலிக்கு ஆளாகிறவர்கள் யார் என்று கவனித்தால் ஒன்று தெரியும். சமைக்கத் தெரியாத மனைவி, வாயாடி மாமியார், நகரத்துக்கு வந்து விழிக்கும் கிராமத்து ஆள், ஆங்கிலம் தடுமாறும் அப்பா. மேடைக்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிகாரி மட்டும் கேலிக்கு ஆளாவதே இல்லை. அவருக்கு வரவேற்புரையில் வாழ்த்தும் நன்றியுரையில் நன்றியும் உண்டு. இடையில் அவர் சிரிக்கிறவராக மட்டும் இருக்கிறார். மற்ற ஊர்களில் இது சலிப்பூட்டும் பழக்கம். விழா எடுப்பவரும், வேலை கொடுப்பவரும், வீடு கொடுப்பவரும், தண்ணீர் விடுபவரும் ஒருவராகவே இருக்கும் ஒரு நகரியத்தில் இது பெரிய குறை.

இந்த இடத்தில்தான் அந்த மண்ணின் சொந்த நகைச்சுவைக் கலையை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. நெய்வேலி இருப்பது நடுநாட்டில். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் முழுக்கத் தெருக்கூத்து மண். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம் என்று நாள்கணக்கில் ஊரே அதில் மூழ்கும். அந்தக் கூத்தில் முதலில் மேடைக்கு வருகிறவன் கட்டியக்காரன். அவன் ராஜாவின் சேவகன். ராஜாவையே கிண்டல் செய்கிறவனும் அவன்தான். துரியோதனன் கர்ஜிக்கும்போது பக்கத்தில் நின்று அவன் வீரத்தின் மேல் ஊசி குத்துவான். நடுவே கதையை நிறுத்திவிட்டு ஊர்ப் பெரியவர் செய்த அநியாயத்தையும், விலைவாசியையும், வராத குழாய்த் தண்ணீரையும் இழுப்பான். விழாவுக்குப் பணம் கொடுத்த நாட்டாண்மைக்காரரும் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். விழா எடுப்பவரைத் தொட்டுப் பேசும் உரிமை, விழாவின் ஓர் அங்கமாகவே அங்கே இருந்தது. எந்தச் சட்டமும் கொடுக்காத உரிமை அது. கலை தானாக எடுத்துக்கொண்டது. இப்படி ஒரு கலையை வைத்திருக்கும் மண்ணின் நடுவில் நடக்கும் ஆண்டு விழா, மாமியார் மருமகள் ஜோக்கோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏனென்றால் அங்கே பேச வேண்டிய விஷயம் ஏராளம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருளில் தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956-இல் நிறுவனம் உருவானது. 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிச்சத்துக்கு வந்தது. மறு ஆண்டு சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்று இரண்டாம் அனல்மின் நிலையம் 1,470 மெகாவாட், முதல் நிலையத்தின் விரிவாக்கம் 420, புதிய அனல்மின் நிலையம் 1,000 என்று தென்மாநிலங்களுக்கு மின்சாரம் போகிறது. இது பெருமைதான். நாடு விடுதலை பெற்ற கையோடு ஏழை மாவட்டம் ஒன்றில் இவ்வளவு பெரிய தொழில் எழுந்தது சாதாரணக் காரியமும் இல்லை. ஆனால் திறந்தவெளிச் சுரங்கம் என்றால், கீழே இருப்பதை எடுக்க மேலே இருக்கும் அத்தனையையும் அகற்றியாக வேண்டும். மேலே இருந்தவை முந்திரித் தோப்பும், நெல் வயலும், வீடும், குலதெய்வமும். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் உடையாமல் இருக்கும். அந்த நீர் இறைபடுவதையும் தன் போர்வெல் மட்டம் இறங்குவதையும் சுற்றுவட்டார விவசாயி சேர்த்துத்தான் பார்க்கிறார்.

2023 ஜூலை 26-ஆம் தேதி மேல்வளையமாதேவியில் நடந்தது நினைவிருக்கும். இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய் வெட்ட, கதிர் வரும் பருவத்தில் நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் கொடுக்கப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம் என்பது நிறுவனத்தின் பதில். சட்டப்படி அந்தப் பதிலுக்கு எடை உண்டு. ஆனாலும் விளையும் பயிர் மண்ணுக்குள் புரட்டப்படும் காட்சி தமிழ்நாட்டையே உலுக்கியது. சென்னை உயர்நீதிமன்றம் பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சொன்னது. இயந்திரங்கள் இறங்கிய இரண்டு நாளில் நிறுவனத்தின் ஆர்ச் கேட் பக்கம் நடந்த முற்றுகையில் கல்வீச்சும் கண்ணீர்ப் புகையும். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2020 மே மாதமும் ஜூலை மாதமும், இரண்டாம் அனல்மின் நிலையத்தில் அடுத்தடுத்துக் கொதிகலன் விபத்து. நிரந்தரத் தொழிலாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் கருகி இறந்தார்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை, ஒப்பந்தத் தொழிலாளருக்கு நிரந்தரம் என்ற இரண்டு கோரிக்கைகளும் நெய்வேலியில் ஓய்ந்த காலமே இல்லை. விழா மேடை எழும்புவது இத்தனைக்கும் நடுவில். அதை மறந்துவிட்டு, மேடையில் எந்தப் பேச்சாளர் நன்றாகப் பேசினார் என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்பது ஒரு பத்திரிகைக்காரரின் வேலையாக இருக்க முடியாது.

உலகத்தில் வேறு ஊர்களும் இதே மனக்குழப்பத்தோடு தங்கள் விழாக்களைப் பார்க்கின்றன. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் கலைக்கும் நகைச்சுவைக்கும் உலகப் பெயர் பெற்றது. அங்கே 1947-இல் அதிகாரபூர்வ விழா தொடங்கியபோது, அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாக வந்து ஓரத்தில் இடம்பிடித்து நடித்தன. அந்த ஓரம்தான் ‘ஃப்ரிஞ்ச்’ என்ற பெயரில் மையத்தைவிடப் பெரிதாக வளர்ந்தது. ஆகஸ்ட் வந்தால் வாடகை ஏறுகிறது, நடக்க இடமில்லை, நகரம் எங்களுடையதாக இல்லை என்று உள்ளூர்க்காரர்கள் ஆண்டுதோறும் முறையிடுகிறார்கள். அப்படி முறையிடுவது அங்கே விழாவுக்கு எதிரான துரோகமாகப் பார்க்கப்படுவதில்லை. இன்னொரு முனையில் 2025 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 9 வரை சவூதி அரேபியா நடத்திய ரியாத் நகைச்சுவை விழா. உலகின் பெரிய நகைச்சுவையாளர்கள் பலர் போனார்கள். நாட்டையும் அரச குடும்பத்தையும் மதத்தையும் கேலி செய்யக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனையை, அழைப்பை மறுத்த ஒரு கலைஞர் வெளியிட்டார். காசு கொடுப்பவரைத் தொடாதே, மற்றபடி என்ன வேண்டுமானாலும் பேசு என்பது அதன் சாரம். நெய்வேலியை ரியாத்தோடு ஒப்பிடுவது அநியாயம். இங்கே யாரும் யாரையும் மிரட்டிக் கையெழுத்து வாங்குவதில்லை. ஆனால் எழுதப்படாத நிபந்தனை என்று ஒன்று உண்டு. விருந்துக்குப் போன வீட்டில் குழம்பைக் குறை சொல்லக் கூடாது என்ற நம் பண்பாட்டு நாகரிகம், மேடை ஏறும் பேச்சாளரின் நாக்கைத் தானாகவே கட்டிவிடுகிறது.

அப்படியானால் எழுத்தாளர்கள் அந்த மேடையைப் புறக்கணிக்க வேண்டுமா? சிலர் அப்படிக் கருதலாம். அந்தக் கருத்தில் நேர்மை இருக்கிறது. எடின்பரோ புத்தக விழாவிலேயே இது நடந்து பார்த்தாயிற்று. 2004 முதல் அந்த விழாவுக்கு நிதி கொடுத்துவந்த பெய்லி கிஃபர்ட் என்ற முதலீட்டு நிறுவனம், நிலக்கரி எண்ணெய்த் தொழில்களில் பணம் போட்டிருக்கிறது என்று சொல்லி 2023-இல் சூழலியல் போராளி கிரெட்டா துன்பெர்க் அங்கே வர மறுத்தார். எழுத்தாளர்களின் இயக்கம் வலுத்தது. 2024 மே மாதம் உறவு முறிந்தது. ஹே இலக்கிய விழாவும் அதே மாதம் அந்த நிறுவனத்திடமிருந்து விலகியது. வாடிக்கையாளர் பணத்தில் இரண்டு சதவீதம்தான் அப்படிப்பட்ட தொழில்களில் இருக்கிறது என்றது நிறுவனம். விளைவு? விழாக்கள் நிதிக்குத் திண்டாடின; எண்ணெய்க் கிணறு எதுவும் மூடப்பட்டதாகத் தெரியவில்லை. நெய்வேலியில் புரவலரின் தொழிலே நிலக்கரி வெட்டுவது. புறக்கணித்தால் சுரங்கம் ஒரு அடிகூடச் சுருங்காது; புத்தகம்தான் பண்ருட்டிப் பிள்ளைக்கு எட்டாமல் போகும். எனவே புறக்கணிப்பை நான் ஏற்கவில்லை. போக வேண்டும், போய், அந்த மேடையிலேயே பேச வேண்டும். புறக்கணிக்கிறவரைவிடப் போய்ப் பேசுகிறவருக்கே கஷ்டம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் இருந்து வரும் வாதம் வேறு. நிறுவனம் தன் செலவில் நடத்துகிறது, யாரும் கேட்காமலே இத்தனை ஆண்டு செய்திருக்கிறது, இதிலும் உரிமை பேசலாமா என்பது. நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பணம் தனியாள் தர்மம் ஆகாது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135-ஆம் பிரிவில், பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அப்படிச் செலவிடும்போது தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. செலவிடத் தகுந்த துறைகளின் அட்டவணையில் கலை, பண்பாடு, பொது நூலகம், பாரம்பரியக் கலைகளின் வளர்ச்சி எல்லாம் இருக்கின்றன. தன் ஊழியருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுமே பயன்படும் செலவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. புத்தகக் கண்காட்சியின் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டாலும், சட்டத்தின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இதில் தெளிவு. ஊழியர் குடியிருப்புக்கு வெளியே இருக்கிறவர்தான் முதல் விருந்தாளி. சுற்றியுள்ள கத்தாழையும் கரிவெட்டியும் வளையமாதேவியும் மந்தாரக்குப்பமும் வடக்குத்தும் கேட்பது சலுகை ஆகாது.

விழாவில் அரசியல் வேண்டாம், ஊர் மகிழ்ச்சியாக இருக்கும் பத்து நாளிலும் சண்டையைக் கிளப்ப வேண்டுமா என்ற கேள்வியும் வரும். மகிழ்ச்சியைக் கெடுக்கச் சொல்லவில்லை. வேலுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் நடப்பதைப் பாருங்கள். நகரியத்தின் எல்லைக்குள்தான் கோயில் இருக்கிறது. அன்றைக்குச் சுற்றியுள்ள கிராமங்கள் காவடியும் பால்குடமுமாகத் திரண்டு உள்ளே வருகின்றன. எந்த வட்டம், எந்த கேட், நிரந்தரமா காண்ட்ராக்டா என்று அன்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு நாள் நகரியமும் கிராமமும் ஒரே ஊராக இருக்கின்றன. விழா என்றால் இதுதான். புத்தகக் கண்காட்சியும் இந்த அளவுக்குத் திறந்துவிட முடியும். அதற்கு அழைப்பிதழ் கிராமத்துக்குப் போனால் மட்டும் போதாது. கிராமம் மேடையிலும் இருக்க வேண்டும்.

மேடையில் வைக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன், சுரங்கத்துக்கு நிலத்தை இழந்து வேறிடம் போன ஜனங்களைப் பற்றியே ‘வந்தாரங்குடி’ என்று ஒரு நாவல் எழுதியிருக்கிறார். நடுநாட்டுப் பேச்சுக்குச் சொல்லகராதியே தொகுத்தவர் அவர். ‘செல்லாத பண’த்துக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையம், கூத்தாடும் பெண் ஒருத்தியின் வாழ்க்கையை ‘செடல்’ நாவலாக்கினார். பண்ருட்டிப் பக்கம் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சானின் கதைகளிலும் படங்களிலும் இந்தச் செம்மண்ணும் முந்திரியும் பலாவும் இருக்கின்றன. இவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது எளிது. ‘வந்தாரங்குடி’யை நடுவில் வைத்து, நிலம் கொடுத்த குடும்பத்தாரையும், சுரங்கத்தில் முப்பது வருஷம் மண்வெட்டு இயந்திரம் ஓட்டிய தொழிலாளியையும், நிர்வாகத்தின் பிரதிநிதி ஒருவரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து ஒரு மாலை முழுக்கப் பேசவிடுவதுதான் கடினம். அப்படி ஒரு பட்டிமன்றத்துக்கு நடுவர் தீர்ப்பே சொல்ல வேண்டாம். சுரங்கத் தொழிலாளியும் நிலத்தை இழந்த விவசாயியும் பல வீடுகளில் அண்ணன் தம்பிகள். அவர்களுக்குள் நடக்காத பேச்சு எதையும் நாம் புதிதாகக் கிளப்பப் போவதில்லை.

கூத்துக்கும் இடம் கேட்கிறேன். ஆனால் அதை இருபது நிமிட அலங்காரமாக வைப்பதற்குக் கேட்கவில்லை. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைகளைத் தலைநகரின் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது பெரிய திருப்பம். பல கலைஞர்களுக்கு அது மரியாதையும் கொடுத்தது. கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் விட்டுச் சென்றது. விடிய விடிய ஆட வேண்டிய கூத்து, வேஷத்தைக் காட்டிவிட்டு இறங்கும் அணிவகுப்பு ஆனது. கட்டியக்காரன் வாய் திறக்க நேரம் வேண்டும். அவன் முதலில் கூட்டத்தோடு பழக வேண்டும், பிறகுதான் ராஜா பக்கம் திரும்புவான். நேரத்தைக் குறுக்கினால் முதலில் வெட்டுப்படுவது அவன் பேச்சுதான். 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியதும், புரிசை கண்ணப்ப தம்பிரானின் ஆட்டத்தை நகரத்து நாடகக்காரர்கள் தேடிப் போய்க் கற்றதும் கூத்து எவ்வளவு தாங்கும் என்பதை நமக்குக் காட்டியிருக்கின்றன. பத்து நாள் விழாவில் ஒரே ஓர் இரவைக் கடலூர் மாவட்டக் கூத்துக் குழு ஒன்றுக்கு முழுசாகக் கொடுத்தால் போதும். எழுதிக்கொடுத்த வசனம் வேண்டாம், முன்கூட்டிய ஒப்புதல் வேண்டாம். முன்வரிசை நாற்காலியில் அதிகாரிகள் உட்கார்ந்து கேட்கட்டும்.

இதையெல்லாம் கேட்டால் நிர்வாகம் விழாவையே நிறுத்திவிடும் என்ற அச்சம் நகரியத்துக்குள் இருக்கிறவர்களிடம் இருக்கக்கூடும். இருக்கிறதும் போய்விடுமே என்று தயங்குவதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஒரே நிறுவனத்தை நம்பி வாழும் ஊரில் அது இயல்பான தயக்கம். ஆனால் எண்ணிப் பார்த்தால், கேள்வியை அனுமதிக்கும் விழாவால் அதிகம் பயன் அடையப்போவது நிர்வாகம்தான். இழப்பீட்டுக் கூட்டத்திலும் முற்றுகையிலும் மட்டுமே கிராமங்களைச் சந்திக்கிற ஒரு நிறுவனம், அவர்களை வேறொரு முகத்தோடு சந்திக்கக் கிடைக்கும் ஒரே இடம் இந்த மேடை. நிலக்கரித் தொழிலின் காலமும் நித்தியமானதில்லை. முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. சூரிய மின்சாரத்தின் பக்கம் நிறுவனமே திரும்பிக்கொண்டிருக்கிறது. சுரங்கம் ஓய்ந்த பிறகும் நெய்வேலி ஓர் ஊராக இருக்க வேண்டும் என்றால், நிர்வாகத்துக்குச் சொந்தமில்லாத, ஊருக்குச் சொந்தமான சில காரியங்கள் இப்போதே அங்கே இருக்க வேண்டும். புத்தகக் கண்காட்சி அப்படி ஆகத் தகுதி உள்ளது.

வழி ஒன்றும் பெரிதில்லை. நிகழ்ச்சி நிரலை முடிவு செய்யும் குழுவில் நகரியத்துக்கு வெளியே இருந்து எழுத்தாளர்கள், கூத்துக் கலைஞர்கள், நிலம் கொடுத்த கிராமங்களின் பிரதிநிதிகள், ஒப்பந்தத் தொழிலாளர் தரப்பில் ஒருவர் என்று பாதிப் பேராவது இருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் கத்தாழைக்கும் கரிவெட்டிக்கும் வளையமாதேவிக்கும் பேருந்து வேண்டும். பேருந்து இல்லாத விழா நகரியத்து விழாவாகவே நிற்கும். கிராமத்துப் பள்ளிகளுக்குப் புத்தகக் கூப்பன் வேண்டும். இவற்றைக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுத வேண்டியவர்கள் ஆண்டுதோறும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்கள்தான்: நகரியத்து ஊழியர்கள், பண்ருட்டி வாசகர்கள், விருத்தாசலத்து ஆசிரியர்கள், அங்கே பரிசு வாங்கிப் பெயர் பெற்ற எழுத்தாளர்கள். அடுத்த கண்காட்சிக்கான அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள்.